லிசி எடுத்த கடைசி ரீடிங்

லிசியைத் தெரியுமா என்று எங்கள் கல்லூரியில் கேட்டால் பாதிப்பேர் எந்த லிசி என்பார்கள். மீதிப்பேர், கெமிஸ்ட்ரி லேபிலேயே கிடக்குமே அதுவா என்பார்கள். இத்தனை வருஷம் ஒரே காம்பவுண்டுக்குள் வேலை பார்த்த பெண்ணை மனிதர்கள் தெரிந்துவைத்திருந்த லட்சணம் இது. என் பெயர் விஜயராணி. அதே கல்லூரியில் லைப்ரேரியன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார். நீளமாக இல்லாவிட்டால் லைப்ரரியில் ஒரு புத்தகம் மிஞ்சாது என்று நானும் சொல்லுவேன். லிசிக்கு வாய் என்ற ஒன்றே கிடையாது. அதனால்தான் அவள் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பாலக்கரைக்காரி. எம்.எஸ்ஸி. படிக்கும்போது அம்மா போய்விட்டார். அண்ணன் டோமினிக் வேலை கிடைத்து ஓசூருக்குப் போனவர், அங்கேயே கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று ஆகிவிட்டார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்தபோது பார்த்துக்கொள்ள இருந்தது இவள் ஒருத்திதான். எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, வீட்டில் அப்பாவுக்குக் கஞ்சி, மாத்திரை, துணி அலசல். பெண் பார்க்க வந்தவர்கள் கட்டிலில் கிடந்த அப்பாவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா கண்ணை மூடியபோது இவளுக்கு நாற்பது நெருங்கிவிட்டது.

பாலக்கரை வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னார். இவள் தலையாட்டினாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில் எங்களுக்கு நேர் மேலே ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. நான்தான் பேசி முடித்தேன். வரப்போகிறவர் மீன் கருவாடு சமைப்பாரோ என்று ஃபிளாட் செக்ரட்டரி ரெங்கராஜ் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டார். ஜீயபுரத்துக்காரி நான் மீன் சமைப்பதை இவ்வளவு காலம் மோந்துகொண்டுதானே இருக்கிறீர்கள், செத்தா போய்விட்டீர்கள் என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து மீன் வாசம் என்ன, தாளிக்கிற வாசம்கூட வந்ததில்லை. தனி ஆளுக்கு என்னத்தைத் தாளிக்கிறது?

அப்போதுதான் அவள் பிஎச்.டி.க்குப் பதிந்தாள். கைடு அற்புதசாமி சார், கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டின் பெரியவர். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று கேட்டேன். சிரித்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளும் ஆசை என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் செய்த வேலையை எனக்குப் புரிகிற மாதிரி பஸ்ஸில் வரும்போது சொல்லியிருக்கிறாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஸ்ரீரங்கம் வருவதற்குள் ஒரு பாடம் முடியும். ஒரு எஃகுக் குடுவை. அதைச் சூடான எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கியிருப்பாள். குடுவைக்குள் ஒரு வாயு. அதன் பெயர் என் வாயில் நுழையாது, விடுங்கள். சூட்டில் அந்த வாயு ஒவ்வொரு மூலக்கூறாக உடையும், ஒன்று இரண்டாகும். உள்ளே கூட்டம் கூடக் கூட அழுத்தம் ஏறும். மேலே பொருத்திய மீட்டரில் அந்த ஏற்றத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால், உடையாமல் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடலாம். மிச்சம் பாதியாகும்போது உடைகிற வேகமும் பாதியானால் அது முதல் வகை வினை. வேகம் கால்வாசியாகிவிட்டால் இரண்டாம் வகை. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் அந்தந்தச் சூட்டுக்கு அதன் வேக மாறிலி என்று ஒரு எண் கிடைக்கும். யார் செய்தாலும், எங்கே செய்தாலும் மாறாத எண். இந்த வகையும் இந்த எண்ணும்தான் அவளுடைய தீசிஸ்.

இதற்கு வாயுவை அடைத்த பிறகு முதல் சில மணி நேரம் பார்த்தால் போதும். தொடங்கும்போது எவ்வளவு அழுத்தம், தொடக்கத்தில் எவ்வளவு வேகம், அவ்வளவுதான் வேண்டும். அந்த லேபில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். லிசி கிளம்ப மாட்டாள். சனிக்கிழமை காலையில் அடைப்பாள், அழுத்தம் ஏறி ஏறி இனிமேல் ஏறுவதற்கு ஒன்றுமில்லை என்று நிற்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். அது நிற்க ஞாயிறு சாயங்காலம் ஆகும். அப்படி ஒரு தடவைக்கு ஒரு ரன் என்று பெயர். சனி ராத்திரி வாட்ச்மேன் விரட்டினால் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டு, ஞாயிறு சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நேரே லேபுக்குப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாடி என்றால், ரன் ஓடிக்கொண்டிருக்கிறது அக்கா என்பாள். அண்ணன் பிள்ளைக்குச் சர்ச்சில் புதுநன்மை விசேஷம் என்று ஓசூரிலிருந்து கூப்பிட்டபோதும் ரன் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். உன் ரன்னும் நீயும் நாசமாய்ப் போங்கள் என்று திட்டியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு சிரிப்பாள்.

வருஷங்கள் போயின. கணக்கெல்லாம் போட்டு முடித்தபோது வினைவகை ஒன்றும் வரவில்லை, இரண்டும் வரவில்லை. ஒன்றேமுக்கால் வந்தது. அற்புதசாமி சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முழு எண் வராமல் பின்னமாக வந்தால் உள்ளே ஏதோ சிக்கலான சங்கிலி வினை நடக்கிறது என்று அர்த்தமாம். அந்தச் சங்கிலியை விளக்கி இரண்டு அத்தியாயம் எழுத வைத்தார். தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பதிவைக் கடைசித் தடவையாக நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள், இனி நீட்டிப்பு இல்லை. அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிச்சி இருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையிலேயே லேபைக் காலி செய்து ஸ்மார்ட் கிளாஸ் ஆக்க நிர்வாகம் முடிவெடுத்தது. எண்ணெய்த் தொட்டி பழைய இரும்புக்குப் போனது. குடுவையும் போனது.

அதற்குப் பிறகுதான் தீசிஸைப் படித்த வெளித் தேர்வாளரின் அறிக்கை வந்தது. மதுரைப் பக்கத்துப் பேராசிரியை, பெயர் சுராயா. நீங்கள் குடுவைக்குள் போட்ட பொருளின் எடைக்கு இவ்வளவு தொடக்க அழுத்தம் வரவே வராதே, எங்கே இடிக்கிறது என்று பாருங்கள், கொடுத்த தவணைக்குள் பதில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். பதில் சரியில்லையென்றால் தீசிஸ் தள்ளுபடி. பதிவு காலாவதி. ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை செய்ய லேபும் இல்லை, அவளுக்கு வயதும் இல்லை.

எங்கே இடிக்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். மீட்டரை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒப்படைப்பதற்குமுன் வேலை செய்கிறதா என்று பார்க்க மேசைமேல் வைத்து ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள். எதிலும் மாட்டாமல் சும்மா கிடந்த மீட்டர். பூஜ்யம் காட்டும் என்று நினைத்தாள். அது எழுநூற்றைம்பதை ஒட்டி ஏதோ ஒரு எண்ணைக் காட்டியது. அணைத்துப் போட்டாள். அதே எண். லைப்ரரிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தவள் முகத்தைப் பார்த்து, ஓசூரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். அந்த லேபில் முன்பு முள் வைத்த பழைய மீட்டர் இருந்தது. அது வெளிக்காற்றைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அதற்குமேல் எவ்வளவு என்று மட்டும் காட்டும். அதனால் காலையில் சுவரில் தொங்கும் பாரோமீட்டரைப் பார்த்து, அன்றைய காற்றழுத்தத்தை எல்லா ரீடிங்கிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறக்காதே என்று அற்புதசாமி சார் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். லேபில் சேர்ந்த யாருக்கும் முதல் பாடமே அதுதான். பிறகு டிஜிட்டல் மீட்டர் வந்தது. அது காற்றழுத்தத்தையும் சேர்த்தே காட்டுகிற சாதி. வெற்றிடத்தில்தான் அதற்குப் பூஜ்யம், மேசைமேல் அது காட்டியது வெறும் ஊர்க்காற்றின் எண். குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே அதைப் போடுவார்கள், பூஜ்யம் காட்டும், சரி என்று வேலையை ஆரம்பிப்பார்கள். பழைய மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, அதுவும் பூஜ்யம் காட்டியது, புது மீட்டரும் பூஜ்யம் காட்டுகிறது, யாருக்குச் சந்தேகம் வரும்? சுவரில் ஒட்டிய காகிதத்தை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. லிசி சனிக்கிழமைதோறும் காலையில் பாரோமீட்டரைப் பார்த்து, மனக்கணக்காகவே கூட்டி, கூட்டிய தொகையை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். அவளுடைய எல்லா எண்ணிலும் ஒரு ஊர்க்காற்று அதிகம். ஒன்றேமுக்காலும் பொய், சங்கிலியும் பொய்.

அப்படியென்றால் கூட்டியதைக் கழித்துவிடேன் என்றேன். பாரோமீட்டர் எண்ணை எங்கேயும் எழுதி வைக்கவில்லையே என்றாள். ஏறக்குறைய இவ்வளவு என்று கழிக்கலாமே என்றேன். ஏறக்குறைய என்று எழுதினால் அந்த மேடம் தீசிஸைத் தூக்கி எறிந்துவிடுவார் என்றாள். அற்புதசாமி சார் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில், எல்லாம் என் தப்பும்மா என்றாராம். தப்பு என்று சொன்னால் தீர்ந்ததா? அவருக்கு அந்த மாதம் ரிட்டயர்மெண்ட். மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இவளுக்கு என்ன இருக்கிறது போக?

ஒரு வாரம் லிசி மேலே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். தவணை கரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கதவைத் தட்டி, இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு மேசையில் உட்காரவைத்து தோசை வார்த்துப் போட்டேன். தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு நிதானம் கிடையாது.

"சனி ஞாயிறெல்லாம் அங்கேயே உக்காந்து கிடந்தியே. அது ஏறி முடிக்கிற வரைக்கும் பாத்தியே. அதனால உனக்கு ஒரு காசு பிரயோஜனம் உண்டாடி?"

அவள் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று எழுந்து மாடிக்கு ஓடி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

அன்றைக்கு அவள் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். இரண்டு பேர் செருப்புப் போட்டுக்கொண்டே நின்று உயரம் அளந்தால் இரண்டு பேர் உயரமும் தப்பு. ஆனால் ஒரே உயரச் செருப்பு என்றால், யார் எவ்வளவு அதிகம் என்பது தப்பாகாது. ஒரு ரன்னில் முதல் ரீடிங்கிலிருந்து கடைசி ரீடிங் வரைக்கும் அவள் கூட்டியது ஒரே எண், சனிக்கிழமை காலையில் பார்த்த எண். கடைசியில் அழுத்தம் ஏறி நின்ற இடத்திலிருந்து நடுவில் எடுத்த ஒவ்வொன்றையும் கழித்தால், தப்பாகக் கூட்டியது இரண்டிலும் இருப்பதால் தானாகப் போய்விடும். மிஞ்சுவது, அந்த நேரத்தில் உடையாமல் இருந்த வாயு. சுத்தமான கணக்கு. ஆனால் அதற்கு அந்தக் கடைசி ரீடிங் வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனவர்கள் ஒருவரிடமும் அது கிடையாது. இவளிடம் ஒவ்வொரு ரன்னுக்கும் இருந்தது.

எங்கள் வீட்டு மேசையிலேயே கழித்தாள், லாகரிதம் என்கிற மடக்கை எடுத்தாள், புள்ளி வைத்தாள். புள்ளிகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே கோட்டில் நின்றன. முதல் வகை வினை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற மாதிரி சாதாரணமான, சிக்கல் ஒன்றும் இல்லாத முதல் வகை. கோட்டின் சரிவிலிருந்து வேக மாறிலி வந்தது. தொடக்கத்தில் போட்ட எடைக்கும் அழுத்தத்துக்கும் கணக்கு இழைந்தது. நான் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். அவள் ஆறிப்போன தோசையை முழுக்கச் சாப்பிட்டாள்.

சங்கிலியை விளக்கிய இரண்டு அத்தியாயத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, நடந்த தப்பை நடந்தபடி எழுதி அனுப்பினாள். சுராயா மேடம் ஏற்றுக்கொண்டார். எல்லோர் முன்னிலும் பேச வேண்டிய வைவாவுக்குத் தேதி வந்தது. எங்கள் பக்கம் பிஎச்.டி. வைவா என்றால் அது பாதி கல்யாணம். கேட்டைத் தாண்டும்போதே கேசரி வாசனை வரும். முதல் வரிசை குடும்பத்துக்கு. அப்பா அம்மா, கட்டியவர், மாமனார் மாமியார், மடியில் பிள்ளை. பட்டம் என்று அறிவித்ததும் முதலில் எழுந்து கை தட்ட வேண்டியது அவர்கள். லிசி கேசரிக்கும் வடைக்கும் சொன்னாள், சாருக்கும் மேடத்துக்கும் பொன்னாடை வாங்கினாள், முதல் வரிசைக்கு நாற்காலி போடச் சொன்னாள். அண்ணன் குடும்பத்தோடு வருகிறேன் என்றிருந்தார். முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. சின்னவனுக்குப் பரீட்சை, அண்ணிக்கு முடியவில்லை, தப்பாக நினைக்காதே. பரவாயில்லைண்ணா என்று இவள் சொன்னது எனக்குக் கீழே கேட்டது.

அன்றைக்கு முதல் வரிசையில் நான் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரையும் லீவு போட வைத்து, சலவைச் சட்டை மாட்டி, பக்கத்தில் உட்கார வைத்தேன். மீதி நாற்காலிகள் காலி. பின்வரிசைப் பிள்ளைகளை முன்னால் வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன், ஒன்றும் நகரவில்லை. லிசி அரக்கு நிறச் சேலையில் மேடையில் நின்றாள். இங்கிலீஷில் தடுமாறாமல் பேசினாள். தப்பையும் சொன்னாள், திருத்தியதையும் சொன்னாள். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். ரிட்டயரான அற்புதசாமி சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சுராயா மேடம் ஒரு கேள்வி கேட்டார். இங்கிலீஷில் ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, தமிழுக்கு வந்துவிட்டார்.

"உங்க முறைக்குத் தொடக்க வேகம் மட்டும் போதும். வினை முழுசா முடியுற வரைக்கும் நீங்க காத்திருக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா ஒரு ரன் விடாம காத்திருந்திருக்கீங்க. இப்படி ஒரு தப்பு வரும்னு முன்னாடியே யோசிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அறிவாளி என்று பெயராவது கிடைத்திருக்கும். அற்புதசாமி சார்கூட ஆமாம் என்று சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினார். லிசி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லைங்க மேடம். வீட்டுக்குப் போனா யாரும் இல்ல. இங்க அந்த நம்பராவது ஏறிக்கிட்டு இருக்கும்."

படிப்பு ஆசை, பட்டத்து ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் முகத்தில் அறைந்தது. நேர் கீழ்வீட்டில் இருந்தேன், எனக்கே தெரியவில்லை. மேடம் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்தார். நான் கை வலிக்கத் தட்டினேன். போட்டோக்காரன் குடும்பத்தார் வாங்க என்று கூப்பிட்டபோது நானும் என் வீட்டுக்காரரும் போய் இரண்டு பக்கமும் நின்றோம். யார் இவங்க என்று ஒரு பயலும் கேட்கவில்லை.

மிஞ்சிய கேசரியையும் வடையையும் வாட்ச்மேனுக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சத்திரத்தில் பஸ் ஏறினோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். எப்படியோ இரண்டு சீட் கிடைத்தது. டாக்டரம்மா டிக்கெட் எடுக்கக் கூடாது, நான்தான் எடுப்பேன் என்று கிண்டல் செய்தேன். அவள் மடியில் வைத்திருந்த பூச்செண்டின் பிளாஸ்டிக்கை நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு சனிக்கிழமைக்கா" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. லேபும் இல்லை, குடுவையும் இல்லை, முடித்தாக வேண்டிய தீசிஸும் இல்லை. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு மீன் வாங்கப் போறேன். எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும். நீ வர்ற, சமைக்கிறோம், சாப்பிடுறோம், சினிமாவுக்குப் போறோம்."

"வரேன்க்கா" என்று சிரித்தாள். பஸ் பாலத்தில் ஏறியது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தவள், என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்குகிற வரைக்கும் விடவில்லை.